ஊமத்தைப் புகையில் தொடங்கிய இன்ஹேலர்

மூச்சிரைப்புக்கான மருந்தை வயிற்றுக்குக் கொடுக்காமல் நேரே மூச்சுக்குழாய்க்கே அனுப்பலாம் என்ற யோசனை ஆங்கில மருத்துவத்துக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று சென்னை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, அதில் சாயப் பூச்சி வளர்க்கப் பார்த்தவர். நுங்கம்பாக்கத்து ஆண்டர்சன் சாலை இன்றும் அவர் பேரைச் சொல்கிறது. செடிகொடிகளில் தீராத ஆசை கொண்ட மனிதர். இந்தப் பக்கத்து மக்கள் இளைப்பு கண்டால் ஊமத்தையைக் காயவைத்து இடித்துப் புகைப்பதை அவர் அறிந்திருந்தார். அவர் மூலம் அதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி 1802-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். சில ஆண்டுகளிலேயே அங்குள்ள மருத்துவ இதழ்களில் ஊமத்தைப் புகை பேச்சாகிவிட்டது.

அதற்கு முன் ஐரோப்பாவில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1778-இல் பிளிமத் நகரத்து மருத்துவர் ஜான் மட்ஜ், பீர் குடிக்கும் குவளைக்கு மூடி போட்டுக் குழாய் பொருத்தி, ஆவி பிடிக்க ஒரு கருவி செய்தார். இன்ஹேலர் என்று பேர் வைத்தவரும் அவர்தான். ஆனால் அதில் வந்தது வெந்நீர் ஆவி. இறுகிக் கிடக்கும் மூச்சுக்குழாயைத் திறக்கும் சரக்கு ஊமத்தையில்தான் இருந்தது.

அந்தச் சரக்கு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை வளையங்கள் உண்டு. வேகஸ் நரம்பு சொன்னால் அவை இறுகும். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் அந்த நரம்பின் கட்டளையை வழியிலேயே மறித்துவிடுகின்றன. வளையம் தளர்கிறது, காற்று போய் வருகிறது. ஆனால் அதே பொருள் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவினால் வாய் வறளும், கண்மணி விரியும், புத்தி தடுமாறும்; அளவு மீறினால் உயிரே போகும். ஊமத்தை நஞ்சு. யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடைகளில் இதை ஆஸ்துமா சிகரெட் என்றே விற்றார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் அப்படிப்பட்ட புகையை நம்பி வாழ்ந்த நோயாளிகளில் ஒருவர்.

மருந்து நல்லது, அதைச் சுமந்து வரும் புகை கெட்டது. புகையைக் கழித்துவிட்டு மருந்தை மட்டும் எப்படி உள்ளே அனுப்புவது என்பதற்கு விடை கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

விடைக்குக் காரணம் ஒரு சிறுமி கேட்ட கேள்வி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். அவருடைய பதின்மூன்று வயது மகள் சூசிக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்து நோயாளிகளிடம் இருந்தது ரப்பர் பந்து பொருத்திய கண்ணாடிக் குழல். மருந்தை ஊற்றிப் பந்தை அமுக்கி அமுக்கி, வருகிற தூறலை இழுக்க வேண்டும். கண்ணாடி உடையும், மருந்து கெட்டுப்போகும், ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒவ்வோர் அளவு வரும். 1955-இல் அவள் அப்பாவிடம் கேட்டாள்: தலைக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பாவில் வருகிறதே, என் மருந்தும் ஏன் அப்படி வரக் கூடாது?

மேசன் அந்தக் கேள்வியைத் தன் வேதியியலாளர் இர்விங் போருஷிடம் ஒப்படைத்தார். போருஷிடம் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. பழைய ஐஸ்கிரீம் உறைபெட்டி ஒன்று, காலி வாசனைத் திரவியக் குப்பிகள், மூடி அடைக்கும் கருவி, அப்போது குளிரூட்டும் பெட்டிகளில் அடைக்கப்பட்ட வாயு ஆகியவற்றை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எல்லாவற்றையும் விட முக்கியமான பாகம் பிலிப் மெஷ்பர்க் என்பவர் வாசனைத் திரவியத்துக்காகச் செய்திருந்த ஒரு சின்ன வால்வு. கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற உத்தரணியைப் போல அது எத்தனை முறை எடுத்தாலும் ஒரே அளவுதான் எடுக்கும். ஒரு தடவை அமுக்கினால் 50 மைக்ரோ லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் இருபதில் ஒரு பங்கு. குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. 1956 மார்ச்சில் மெடிஹேலர் என்ற பேரில் அது விற்பனைக்கு வந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையை விட்டு இந்தியாவோடு சேர்ந்து அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஒரு குழந்தையின் கேள்வியிலிருந்து ஓராண்டுக்குள் ஒரு கருவி பிறந்தது என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. அடுத்த பத்தாண்டுகள் அவ்வளவு இனிமையாக இல்லை. 1960-களில் இங்கிலாந்திலும் வேறு சில நாடுகளிலும் ஆஸ்துமாவால் இறக்கும் இளைஞர்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. வீரியம் கூடிய ஐசோபிரினலின் என்ற மருந்தை அடைத்த இன்ஹேலர் பம்புகள் மீது சந்தேகம் விழுந்தது. அமுக்கினால் உடனே மூச்சு வரும். ஆனால் குழாயின் உட்சுவரில் உள்ள வீக்கம் அப்படியே இருக்கும், வளரும். ஆறுதல் கிடைக்கிறது என்பதற்காக நோயாளி மேலும் மேலும் அமுக்கிக்கொண்டே போய், ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் காலம் கடந்துவிடும். 1969-இல் வந்த சால்புட்டமால் இதயத்தை அவ்வளவு படபடக்க வைக்காத மருந்து. 1972-இல் வந்த பெக்லோமெதசோன், வீக்கத்தையே குறைக்கும் ஸ்டீராய்டு. இரண்டையும் இன்ஹேலர் மருந்தாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஜாக். இத்தனைக்குப் பிறகும், சால்புட்டமால் அடைத்த நீல நிறப் பம்பை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் திட்டவட்டமாகச் சொன்னது 2019-இல்தான்.

நம் ஊர்க் கைகளுக்குப் பழக்கமான இன்னொரு வகை, பொடி மருந்துக் குப்பி. இதற்குப் பிறப்புக் கதை வேறு. ரோஜர் அல்டூனியன் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், தாமே ஆஸ்துமாக்காரர். புது மருந்துகளைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். 1960-களின் பின்பாதியில் அவர் அமைத்த ஸ்பின்ஹேலரில், கேப்சூலை ஒரு சின்ன விசிறி சுழற்றும். நோயாளி இழுக்கிற இழுப்பே அந்த விசிறியைச் சுழற்றிப் பொடியை உதிர்க்கும். விமானத்தின் முன்விசிறிதான் அவருக்கு முன்மாதிரி. பிறகு 1970-களில் ரோட்டாஹேலர் வந்தது. இந்தியாவில் சிப்லா நிறுவனம் 1976-இல் ஆஸ்துமாவுக்கான ஏரோசால் மருந்துகளைக் கொண்டுவந்தது. மெல்ல மெல்ல இரண்டு வகையும் சின்ன ஊர் மருந்துக்கடை வரை வந்து சேர்ந்தன.

ஊமத்தையின் கதையும் முடிந்துவிடவில்லை. அதன் அட்ரோபினில் வேதியியலாளர்கள் ஒரு சிறு மாற்றம் செய்து, நுரையீரலில் தங்கும், இரத்தத்தில் எளிதில் கலக்காத ஒரு மருந்தை 1970-களில் கொண்டுவந்தார்கள். அதுதான் இப்ரட்ரோபியம். அதன் வழியில் 2002-இல் வந்த டியோட்ரோபியம், ஒரு தடவை இழுத்தால் ஒரு நாள் முழுக்க நிற்கும். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு, டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்று எழுதுகிறார்களே அதற்கு, இது முதன்மையான மருந்துகளில் ஒன்று. காரைக்காலில் ஒரு கிழவருக்கு அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்கும்போது, அவருடைய முப்பாட்டன் காலத்தில் இந்தக் கரையில் புகைக்கப்பட்ட செடியின் வாரிசைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய நிறைவு உண்டு.

இனி அந்தக் கிழவரின் ஊருக்கு வருவோம். காரைக்கால் மாவட்டம் சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நிர்வாகம் புதுச்சேரியோடு, அதுவோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. ஊருக்குள் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, 2016-இல் தொடங்கிய ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் நெடுங்காட்டிலோ நிரவியிலோ மூச்சு வாங்கும் ஒரு பெண் முதலில் போய் நிற்பது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான்.

அந்தப் பெண் பீடி பிடித்தவள் இல்லை. கீற்றுக் கொட்டகைச் சமையற்கட்டில் கருவை விறகையும் வறட்டியையும் ஊதி ஊதி நாற்பது வருஷம் உலை வைத்தவள். நெல் தூற்றியவள், அரைவையில் உமித் தூசிக்கு நடுவே நின்றவள். காஸ் அடுப்பு வந்த பிறகும், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகையே மூட்டுகிறவள். தெற்கே கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது; அந்தத் தூசியைப் பற்றி நாகூர்ப் பக்கத்து மக்கள் பல வருஷமாகக் குரல் கொடுக்கிறார்கள். நாடு முழுவதற்குமான கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 1990-இல் 2.81 கோடியாக இருந்த சி.ஓ.பி.டி. நோயாளிகள் 2016-இல் 5.53 கோடி ஆனார்கள். இந்த நோய் தரும் சுமையில் பாதிக்கு மேல் காற்று மாசால் வருவது, புகையிலையால் வருவது கால் பங்கு. புகைபிடிக்காதவருக்கு இந்த நோய் வராது என்ற எண்ணம் டாக்டர் மனத்தில் இருந்தாலும் போதும், நம் சமையற்கட்டுப் பெண்கள் கணக்கில் வராமலே போய்விடுவார்கள்.

நடப்பது என்ன? இருமல் என்று வந்தால் முதலில் சளிப் பரிசோதனை. அது சரிதான், காசநோயைத் தவறவிடக் கூடாது. ஆனால் சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டால் அநேகமாக அத்தோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. காசநோய் இல்லையென்றால் வேறென்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒரு டெரிஃபிலின் ஊசி, கொஞ்சம் மாத்திரை, ஒரு பாட்டில் இருமல் மருந்து. மூச்சு இறங்கினால் வீட்டுக்கு. மறுபடி ஏறினால் மறுபடி ஊசி. முற்றிவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன்.

நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் பழையதுதான். 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன், ஒருவர் ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரைச் செய்தார். மொத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, முதல் நொடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று 1947-இல் பிரான்சில் சொன்னவர் ராபர்ட் டிஃப்னோ. காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் பத்தில் ஏழு பங்கு கூட முதல் நொடிக்குள் வரவில்லையென்றால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று அர்த்தம். இன்றைய ஸ்பைரோமீட்டர் ஒரு கைப்பையில் அடங்கும். அதை வாங்கி வைப்பது எளிது. நோயாளியை முழு மூச்சு இழுக்க வைத்து, ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க’ என்று விடாமல் ஊதவைக்கப் பழகிய ஆள் வேண்டும், அதுதான் அரிது.

நான் சொல்ல வந்த விஷயம் இந்த இடத்தில் இருக்கிறது. இன்ஹேலரில் பாதியைத்தான் தொழிற்சாலை செய்கிறது. மறுபாதியைச் சுகாதார நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்து செய்து முடிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் 1802-லிருந்து 2002 வரை இருநூறு ஆண்டு உழைப்பும் தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போய்விடும்.

மிகைப்படுத்தவில்லை. டப்பா பம்பை அமுக்கியவுடன் மருந்து மின்னல் வேகத்தில் சீறி வருகிறது. அந்தக் கணத்தில் மூச்சை இழுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். இழுத்ததைப் பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். அமுக்கியபின் இழுத்தால், அல்லது வெடுக்கென்று இழுத்தால், துளிகள் நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் மோதி நின்றுவிடும். ஒழுங்காகச் செய்தால்கூட ஐந்தில் ஒரு பங்கு உள்ளே போனால் அதிகம். பொடிக் கருவிக்கு இதற்கு நேர்மாறான விதி. அங்கே வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உதிரும். ஒருவருக்கே இரண்டு வகையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் விதி வேறு என்று சொல்லாமல் அனுப்பினால் அவர் என்ன செய்வார்?

சுகாதார நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மாதம் முடிந்து மருந்து வாங்க வந்திருக்கிற மூதாட்டியிடம் செவிலியர் கேட்கிறார்: “ஆயா, எப்படி இழுக்குறீங்கன்னு ஒருதரம் செஞ்சு காட்டுங்க.” ஆயா சுருக்குப்பையிலிருந்து ரோட்டாகேப் என்ற பொடிக் கேப்சூலை எடுக்கிறார், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “தண்ணி இருந்தா கொஞ்சம் குடும்மா” என்கிறார். இழுக்க வேண்டிய கேப்சூலை ஒரு மாதமாகத் தண்ணீர் விட்டு விழுங்கியிருக்கிறார். பிளாஸ்டிக் கருவி பெட்டியோடு அலமாரியில் புதிதாக இருக்கிறது. குற்றம் அவருடையது இல்லை. கேப்சூல் என்றால் விழுங்குவது என்றுதான் அவருக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது எழுத்தறியாதவர்களின் குறையும் இல்லை. 1975 முதல் 2014 வரை உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் 31 விழுக்காடுதான் என்று தெரிந்தது. நாற்பது ஆண்டில் அந்த விகிதம் உயரவே இல்லை. கருவி எத்தனையோ முறை மாறியது. பம்பில் மருந்தைத் தள்ளும் வாயுவும் மாறியது; ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்ததால், பழைய வாயு போய்ப் புது வாயு வந்தது. சொல்லிக்கொடுக்கும் முறை மட்டும் மாறவில்லை.

அமுக்குவதும் இழுப்பதும் ஒன்றுசேராதவர்களுக்கு நடுவில் ஒரு குடுவை வைத்தால் போதும். அதைத்தான் ஸ்பேசர் என்கிறார்கள். மருந்து அதில் நின்று மிதக்கும், நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு என்ன வழி? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் சாரும் அவருடைய குழுவினரும் 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் பம்பின் வாய் கச்சிதமாக உட்காரும்படி ஓட்டை போட்டு ஒட்டி, அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசர் அளவுக்கு அது வேலை செய்தது. அந்த முடிவு 1999-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. சூசியின் கேள்விக்கு அடுத்தபடியாக, இந்தக் கருவியின் வரலாற்றில் ஏழைகளுக்கு நேரே பயன்பட்ட சிந்தனை இதுதான் என்பது என் கருத்து.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். 2017-இல் ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றியபோது, அதோடு ஸ்வாஸ் என்ற மூச்சு நோய்த் திட்டத்தையும் சேர்த்தார்கள். ஸ்பைரோமீட்டர் உள்ளூர் மையத்துக்கே வந்தது. டாக்டருக்கும் செவிலியருக்கும் பயிற்சி தந்தார்கள். இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, புகைப்பதை நிறுத்த ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில். புதுச்சேரிக்குச் சொந்தமான மாஹே அந்தக் கேரளத்துக்குள்தான் இருக்கிறது. பார்த்துக் கற்றுக்கொள்ள நம் நிர்வாகத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டமும் 2023-இல் புதுப்பிக்கப்பட்டபோது சி.ஓ.பி.டி.யையும் ஆஸ்துமாவையும் சேர்த்துக்கொண்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, அட்டை போட்டு, வராதவரைத் தேடிப் போகிறோம். மூச்சுக்கும் அதே அட்டை, அதே தேடல் வேண்டும். காரைக்கால் சின்ன மாவட்டம். திருநள்ளாறு முதல் திருமலைராயன்பட்டினம் வரை எல்லா நிலையங்களிலும் தலா ஒரு செவிலியரைப் பழக்கிவிட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். பரப்பு குறைவு என்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வரம்.

பம்ப் எடுத்தால் அதுவே பழக்கமாகிவிடும், விடவே முடியாது என்று பயந்து மறைத்து வைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பம்ப் அலமாரிக்குள் போய்விடுகிறது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகிற சால்புட்டமால், பம்பின் ஒரு அமுக்கலில் 100 மைக்ரோகிராம்தான் வருகிறது. 2 மில்லிகிராம் மாத்திரையோடு வைத்துப் பார்த்தால் இருபதில் ஒரு பங்கு. உடம்பு முழுக்கப் பரவுகிற மாத்திரைக்குப் பயப்படாமல், போக வேண்டிய இடத்துக்கு நேரே போகிற துளிக்குப் பயப்படுவதில் நியாயம் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை சுகாதார நிலையத்துக்கோ டாக்டரிடமோ போகும்போது கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். சீட்டு எழுதி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். “நான் இழுக்குறது சரியான்னு கொஞ்சம் பாருங்க” என்று கேட்டு, அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். பார்க்க நேரமில்லை என்று சொன்னால், எந்தக் கிழமை வந்தால் பார்ப்பீர்கள் என்று கேட்டு, அந்தக் கிழமை திரும்பவும் போங்கள்.